ஃபேர், வீட்டிஷ், டார்க்

என் மகள் வெளியே கிளம்பும்போது அவளைக் காலிலிருந்து தலை வரை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். கல்யாணமாகி, இடுப்பில் பிள்ளையோடு வந்து போகிறவள்தான். ஆனாலும் பார்ப்பேன். "என்னம்மா, எழுதி முடிச்சிட்டியா? நான் போகவா?" என்று கேலி செய்வாள். அவள் சொல்வது பொய்யில்லை. மனசுக்குள் எழுதிக்கொண்டுதான் நிற்பேன். பிரவுன் செருப்பு, கறுப்புப் பர்தா, உள்ளே பச்சைச் சுடிதார், மீடியம் பில்ட், வீட்டிஷ் காம்ப்ளெக்‌ஷன், ஓவல் ஃபேஸ், வலது புருவத்தில் தையல் போட்ட தழும்பு. அவள் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் அந்த வரிகள் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இது பாசம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பாசமில்லை, பயம். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து வாங்கி வந்த பயம். பென்ஷனோடு சேர்த்து அதையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

போன மாதம் பேத்தி காது குத்துக்குச் சொல்ல நான் கடைசியாக வேலை பார்த்த ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரைட்டர் நாற்காலியில் ஒரு சின்னப் பொண்ணு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் வைத்துவிட்டு, "அக்கா, ஒரு சந்தேகம். இந்த வீட்டிஷ்னா என்னக்கா? மாநிறமா, செவப்பா? ஒண்ணைத் தொடுன்னு கம்ப்யூட்டரு கேக்குது" என்றாள். அப்புறம் அவளே, "போட்டோதான் அனுப்பிர்றோமே, இந்த எழவெல்லாம் எதுக்குக்கா இன்னும் வச்சிருக்காக?" என்றும் கேட்டாள். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு இல்லை. அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் உத்தமபாளையத்துக்காரி. அத்தா பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தார். ராவுத்தர் வீட்டுப் பொண்ணு போலீசில் சேருகிறதா என்று ஊரே சிரித்தது. அத்தா மட்டும் சிரிக்கவில்லை, பயந்தார். டிரெயினிங்கில் ஓடவிட்டார்கள், கயிறு ஏறவிட்டார்கள், வெயிலில் நிற்க வைத்தார்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று யாரோ சொல்லி, லத்தியைப் பிடுங்கிக்கொண்டு பேனாவைக் கொடுத்துவிட்டார்கள். அன்றையிலிருந்து ரிட்டையர் ஆகிற வரைக்கும் பேனாதான்.

பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்தவளுக்கு அங்கே இங்கிலீஷ் தேவைப்பட்டது ஒரே காரணத்துக்காக. எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து கேரளாவுக்கு ஏறிப்போக குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று வழி. விடியாத நேரத்தில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போகும். கோபித்துக்கொண்டு போகிறவர், காதலித்துக்கொண்டு போகிறவர், சாகப் போகிறவர் எல்லோரும் அதே ஜீப்பில்தான் தொற்றிக்கொண்டு ஏறுவார்கள். மேலே இருக்கிற போலீசுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. நமக்கு மலையாளம் கேட்கப் புரியும், எழுத வராது. ஆகவே காணாமல் போனவர்களின் முகமும் நிறமும் மலையேறும்போது இங்கிலீஷில்தான் ஏற வேண்டும்.

அதற்கென்று கொஞ்சம் வார்த்தைகள் உண்டு. எல்லாம் சேர்த்து ஒரு டஜன்தான் வரும். ஃபேர், வீட்டிஷ், டார்க். டால், மீடியம், ஷார்ட். லீன் என்றால் ஒல்லி. ஸ்டவுட் என்றால் குண்டு, ஆனால் காதில் விழும்போது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். முகம் ஓவலா, ரவுண்டா. மூக்கு ஷார்ப்பா, பிளன்ட்டா. இவ்வளவுதான். உலகத்தில் இருக்கிற அத்தனை பேரையும் இதற்குள் திணித்துவிட வேண்டும். ஒரு அம்மா வந்து, "எம்மவன் நல்லாக் களையான மொகம் தாயி" என்றாள். களையை இங்கிலீஷில் எங்கே போய்த் தேடுவது? ஓவல் என்று எழுதினேன். வீட்டிஷ் விஷயமும் அப்படித்தான். கோதுமையை ரேஷன் கடையில் மட்டுமே பார்த்த ஊரில் மனுஷனைக் கோதுமை நிறம் என்று எழுதச் சொன்னால் என்ன செய்வது? சந்தேகம் வந்தால் வீட்டிஷ் என்று போட்டுவிடுவோம். தேனி மாவட்டமே கோதுமை நிறம்தான் எங்கள் கணக்கில்.

அந்தச் சோம்பலை உடைத்தவர் இன்ஸ்பெக்டர் ஞானதுரை. திருநெல்வேலிப் பக்கத்து மனுஷன். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், நாம் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். பாலும் சர்க்கரையும் போடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டே நான் எழுதியதை வாசிப்பார். "ரைட்டரம்மா, இந்த ஆளைத் தேடிப் போனா நம்ம ஸ்டேஷன்லேயே நாலு பேரைப் பிடிச்சுட்டு வரலாம் போலிருக்கே" என்பார். திட்டு அவ்வளவுதான். திரும்பப் போய்க் கேட்டு எழுத வேண்டும்.

அவருக்கென்று சில முறைகள் இருந்தன. முதலாவது, காலிலிருந்து கேட்க வேண்டும். என்ன செருப்பு, கொலுசு உண்டா, மெட்டி உண்டா, பாவாடையா சேலையா, கையில் என்ன வளையல், அப்படியே மேலே போய் முகத்தைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். முகத்தை முதலில் கேட்டால் பெற்றவள் அழ ஆரம்பித்துவிடுவாள், அப்புறம் செருப்பு என்ன நிறம் என்று அவளுக்கு ஞாபகம் வராது. இரண்டாவது, உயரத்தை வாயால் சொல்ல விடக்கூடாது. ஸ்டேஷன் வாசல் நிலையில் பெயிண்ட்டால் கோடு போட்டு வைத்திருந்தார். வந்தவர் அந்த நிலைக்குப் பக்கத்தில் நின்று, காணாமல் போனவரின் தலை எங்கே வரும் என்று உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பன்மார் எப்போதும் பிள்ளையைக் குட்டையாகத்தான் காட்டுவார்கள். வளர்ந்ததை அவர்கள் மனசு ஏற்றுக்கொள்வதில்லை.

மூன்றாவது நிறம். "செவப்பா கருப்பான்னு நேரா கேக்காதீங்க. யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க. பிள்ளைக்கு என்ன கலர்ல சேலை எடுப்பீங்கன்னு கேளுங்க. எந்தக் கலரை எடுக்க மாட்டீங்கன்னும் கேளுங்க. நிறம் தானா வந்துரும்" என்பார். அவர் சொன்னது பலித்தது. "மஞ்சக் கலரு மட்டும் எடுக்கவே மாட்டோம்மா" என்று ஒரு அம்மா சொன்னால் நான் பேசாமல் டார்க் என்று எழுதிக்கொள்வேன்.

இப்படி எழுதியது மைக்கில் போகும். வயர்லெஸ்ஸைத்தான் நாங்கள் மைக் என்போம். பதிலுக்கு அங்கிருந்தும் வரும். "அன்னோன் ஃபீமேல் பாடி" என்று ஆரம்பித்தால் போதும், பேனா ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, மனசு இன்னொரு பக்கம் நாம் அனுப்பியவர்களை ஒவ்வொருவராகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். உயரம் ஒத்துவரும், வயது ஒத்துவராது, மூச்சு விடுவேன். ஏழெட்டு வார்த்தையும் ஒத்துவந்துவிட்டால் யாரோ ஒரு வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும். அந்த வேலையை எத்தனை தடவை செய்தாலும் பழகவில்லை.

நான் சொல்ல வந்த கேஸ் ஒரு சித்திரை மாதத்தில் வந்தது. காலையிலேயே அனல் அடித்தது. கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேச்சியம்மாள் என்கிற அம்மா வந்தாள். புருஷன் இல்லாதவள், திராட்சைத் தோட்டத்துக் கூலி. அவளுடைய தம்பி செல்வம் கூட வந்தான். இன்னொருவர் வெள்ளை வேட்டியில், கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் சம்பந்தி ஆகப்போகிறவர், ஜெயமங்கலத்துக்காரர். பேச்சியம்மாளின் ஒரே மகள் நாகஜோதிக்கும் அவருடைய மகனுக்கும் வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை துபாயில். பத்திரிகை அடித்து முடிந்திருந்தது.

நாகஜோதிக்கு இருபத்திரண்டு வயது. கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. முந்தின நாள் காலையில் கடைக்கு என்று கிளம்பியவள் கடைக்குப் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. செல்போனை அணைத்துத் தலையணை உறைக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தாள். இதைக் கேட்டால் யாருக்கும் என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது.

செல்வத்துக்குத் தோன்றியது மட்டுமில்லை, முடிவே கட்டிவிட்டான். "கெடைக்கட்டும். கெடச்ச அன்னைக்கு அவளுக்கும், கூட்டிட்டுப் போன பயலுக்கும் ஒண்ணாக் காரியம் பண்ணிட்டு நானே இங்கன வந்து நிக்கிறேன்" என்றான்.

"போலீஸ் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டே சொல்லுறீகளே, அதையும் சேத்து எழுதிக்கிறவா?" என்றேன்.

வாயை மூடினான். ஆனால் அவன் கண்ணைப் பார்த்தால் சும்மா சொல்கிறவனாகத் தெரியவில்லை. தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தால் அந்தப் பொண்ணுக்கு நல்லதா கெட்டதா என்றே எனக்குக் குழப்பமாக இருந்தது. ஒருத்தி கிடைக்கக் கூடாது என்று ரைட்டர் நினைக்கலாமா? நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் அன்று கோர்ட் வேலையாகத் தேனிக்குப் போயிருந்தார். அவர் முறைப்படியே நான் காலிலிருந்து ஆரம்பித்தேன்.

"கால்ல என்ன செருப்பு ஆத்தா?"

"நீலக் கலரு, ரப்பரு. ஒரு வாரு தச்சிருக்கும்."

"கொலுசு?"

"கழட்டி வச்சுட்டா. கல்யாணத்துக்குப் புதுசு போடணும்னு."

"என்ன உடுப்பு?"

"ரோசாக் கலருச் சுடிதாரு. முழுக்கை."

"இந்த அக்கினி வெயில்லயா முழுக்கை?"

"அவ எப்பவும் முழுக்கைதாம்மா."

எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாம் எந்த வெயிலிலும் முழுக்கைதான். அதைப் பார்த்தே வளர்ந்தவள் ஆனதால் அந்தப் பதில் எனக்குப் புதுசாகப் படவில்லை. வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் இன்னொரு கேள்வி கேட்டிருப்பார்களோ என்னவோ.

உயரத்துக்கு நிலைப் பக்கம் நிறுத்தினேன். பேச்சியம்மாள் கையை விரித்து ஒரு இடத்தில் வைத்தாள். "அக்கா, நல்லா ஒசத்திக் காட்டு. அவ என்ன குட்டையா?" என்றான் செல்வம். கை இரண்டு விரற்கடை ஏறியது. அப்புறம் என்ன கலர் சேலை எடுப்பீர்கள் என்று கேட்டேன். அவள் வாயைத் திறக்கும் முன்னால் ஜெயமங்கலத்துக்காரர் முந்திக்கொண்டார். "மொகூர்த்தப் பட்டே மாம்பழக் கலருதாம்மா. பொண்ணு நல்ல செவப்பு, எடுத்துக் குடுக்கும்னு எங்க வீட்ல பாத்துப் பாத்து எடுத்துருக்காக" என்றார். பேச்சியம்மாள் தலையாட்டினாள். செல்வம் போட்டோவைக் கொடுத்தான். ஜாதகத்தோடு கொடுப்பதற்காக ஸ்டுடியோவில் எடுத்தது. அதில் நாகஜோதி பால் மாதிரி இருந்தாள்.

கடைசியாக, "ஒடம்புல மச்சம், தழும்பு, வேற ஏதாச்சும் அடையாளம் உண்டா?" என்றேன்.

பேச்சியம்மாள் தம்பியைப் பார்த்தாள். தம்பி சம்பந்தியைப் பார்த்தான்.

"ஒண்ணுமே இல்ல தாயி. ஒரு குத்தமும் இல்லாத ஒடம்பு" என்றாள்.

நான் அடையாளம் கேட்டேன், அவள் குறையில்லை என்று சொன்னாள். பொண்ணு பார்க்க வந்தவர்களிடம் சொல்கிற பதிலை என்னிடம் சொன்னாள். அவள் மேல் என்ன தப்பு? அந்த ஆறு மாதமாக யார் அவள் மகளைப் பற்றிக் கேட்டாலும் அந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் கேட்க வேண்டியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

செய்தி போனது. ஃபீமேல், டொன்ட்டி டூ, ஹைட் ஃபைவ் த்ரீ, மீடியம் பில்ட், ஃபேர் காம்ப்ளெக்‌ஷன், ஓவல் ஃபேஸ், லாங் ஹேர், நோ ஐடென்டிஃபிகேஷன் மார்க்ஸ். போட்டோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம்.

மூன்று நாள் அந்த மூன்று பேரும் ஸ்டேஷன் சைக்கிள் ஷெட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மாள் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள். நான் கொடுத்த டீயைக் கையில் வாங்கி, ஆறின பிறகு கீழே வைத்துவிடுவாள். என் மகள் அப்போது மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று அவளுக்குப் போன் அடித்து, "என்ன உடுத்திருக்க?" என்று கேட்டேன். "அம்மா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கத்தினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மைக் கரகரத்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அன்னோன் ஃபீமேல் பாடி. ஓடையில் ஒதுங்கியது, உடம்பில் துணி இல்லை. ஏஜ் அபவ்ட் டொன்ட்டி ஃபைவ். ஹைட் ஃபைவ் த்ரீ. மீடியம் பில்ட். ஃபேர். ஓவல் ஃபேஸ். லாங் ஹேர். நோ விசிபிள் மார்க்ஸ்.

எழுதிக்கொண்டே வந்த என் கை நின்றுவிட்டது. நான் அனுப்பியதையே யாரோ எனக்குத் திருப்பி வாசித்தார்கள். வயது தவிர ஒரு வார்த்தை மாறவில்லை. ஓடையில் கிடந்த உடம்புக்கு வயது சொல்வதில் இரண்டு மூன்று வருஷம் முன்னே பின்னே வரும் என்று எனக்குத் தெரியும். யா அல்லா, இந்தப் பொம்பளையிடம் நான் போய்ச் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் வேண்டினேன்.

இன்ஸ்பெக்டர் உள்ளே இருந்தார். வாங்கி இரண்டு தடவை வாசித்தார். "அந்தம்மாவை உள்ள கூப்பிடுங்க. நான் கேக்குறேன்" என்றார், குனிந்து கேட்க வேண்டிய குரலில்.

மூன்று பேரும் வந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே செல்வத்துக்குப் புரிந்துவிட்டது. காரியம் பண்ணிவிடுவேன் என்று சொன்னவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஏ ஜோதி, ஏத்தா, மாமன் சும்மா சொன்னேன்டா, மாமன் வாயில மண்ணு விழ" என்று தலையில் அடித்துக்கொண்டான். ஜெயமங்கலத்துக்காரர் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

பேச்சியம்மாள் அழவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். இன்ஸ்பெக்டர் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, காலிலிருந்து ஆரம்பித்தார்.

"கால்ல செருப்பு இல்லம்மா. தண்ணியில போயிருக்கலாம். கொலுசு இல்ல."

"இல்லய்யா. கழட்டி வச்சுட்டா."

"கையில வளையல் இல்ல."

"எந்தக் கையில?"

"ரெண்டு கையிலயும்."

"ரெண்டு கையையும் நல்லாப் பாத்தாகளாய்யா?"

"பாத்துத்தாம்மா எழுதியிருக்காங்க. கை, கழுத்து, முதுகு, எங்கேயும் ஒரு அடையாளமும் இல்லையாம். நல்ல செவப்புத் தோலாம்."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லம்மா."

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாய் கோணியது. அழப்போகிறாள் என்று நான் பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"அப்ப அது எம்மக இல்ல!"

"அக்கா, சும்மா இரு" என்றான் செல்வம் தரையிலிருந்து.

"நீ வாய மூடுலே! எம்மக கருப்புய்யா! கருப்பு! இந்தா, என்னயப் பாருங்க, இதே கருப்பு!" கையை நீட்டி இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். "போட்டாவுல வெளுக்க வச்சது. பொண்ணு பாக்க வந்த அன்னைக்குப் பார்லருக்காரி வந்து மொகத்த வெளுத்து விட்டா. எடது கையில முழங்கையிலருந்து தோளு மட்டும் வெள்ள வெள்ளயாக் கெடக்கும், கழுத்துக்குக் கீழயும் கெடக்கு. பதினாறு வயசுல வந்துச்சு. அதுக்குத்தான்யா முழுக்கை. எம்மவளுக்கு அடையாளம் இருக்குய்யா! ஒடம்பு பூரா அடையாளம்!"

பிறகு ஜெயமங்கலத்துக்காரர் பக்கம் திரும்பினாள். "மறைச்சுட்டோம் அண்ணே. கல்யாணம் முடியட்டும்னு மறைச்சோம். நீங்க வேண்டாம்னு போனாலும் போங்க. செத்தது எம்மக இல்ல, அது போதும்" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, மூச்சு முட்டி, மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

கருப்பு என்ற சொல்லை அத்தனை சந்தோஷமாக ஒருத்தர் கத்தி நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் ஓடையில் கிடந்த இன்னொருத்தி பெற்ற பிள்ளையைப் பற்றி நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஜெயமங்கலத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒரு போன் பேசிட்டு வாரேன்" என்று வெளியே போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அதைப் பற்றிக் கவலைப்பட அப்போது அங்கே யாருக்கும் நேரமில்லை.

இன்ஸ்பெக்டர் ஆள்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, முதலிலிருந்து எழுதச் சொன்னார். பேச்சியம்மாள் நிலையருகே தானாகப் போய் நின்று, கையைப் பழைய இடத்துக்கே இறக்கி வைத்தாள். ஃபைவ் ஒன். லீன். டார்க். ரவுண்ட் ஃபேஸ். ஒயிட் பேட்சஸ், லெஃப்ட் ஆர்ம் அண்ட் பிலோ நெக். மைக்கில் கொடுத்ததோடு விடாமல், மேலே எனக்குப் போன் பழக்கமான ஷாஜி என்கிற போலீஸ்காரரைக் கூப்பிட்டு நானே வாசித்தேன். பாதி வாசிக்கும்போதே, "சேச்சி, நில்லு நில்லு" என்றார். தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"வெள்ளப் பாண்டு உள்ள ஒரு பெண்குட்டி உண்டு சேச்சி. பைக் இடிச்சு ரோட்டில் கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி. பேரு அறியில்ல, போதம் இல்ல. டார்க்குன்னு எழுதியிருக்கு. நிங்ஙள் ஃபேர்னு அல்லே சொன்னது? அதான் நான் சேர்த்துப் பாக்கல. போட்டோவும் ஒத்து வரல, முகம் முழுக்க வீங்கிப்போயி."

"உயிர் இருக்கா?"

"இன்னலெ வரை உண்டு. இன்னைக்கு விளிச்சுக் கேக்கணும். நிங்ஙள் வேகம் வா."

நேற்று வரை இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? அதைப் பேச்சியம்மாளிடம் எப்படிச் சொல்வது? "உசுரோட இருக்காளாம், கெளம்புங்க" என்று மட்டும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் கொடுத்து என்னையும் கூட அனுப்பினார். ஏறும்போது என் பக்கம் குனிந்து, "மாமங்காரன் மேல ஒரு கண்ணு வச்சுக்குங்க. அங்க பக்கத்துல எவனாவது பையன் உட்கார்ந்திருந்தா நிலைமை வேற" என்றார்.

அந்த மலைப்பாதையை எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். அன்றைக்கு மாதிரி நீண்டதில்லை. ஒவ்வொரு வளைவிலும் பேச்சியம்மாள் என் தொடையைத் தட்டி, "மூச்சு இருக்குன்னுதான தாயி சொன்னாக?" என்று கேட்டாள். ஆமாம் ஆமாம் என்றேன். ஒவ்வொரு ஆமாமும் பொய்யாகிவிடுமோ என்று பயந்துகொண்டே சொன்னேன். முன்சீட்டில் செல்வம் இருந்தான். தரையில் உட்கார்ந்து அழுதவன்தான். ஆனால் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு அவன் முகம் மறுபடியும் இறுகிப்போயிருந்தது. அவன் இடுப்பில் எதையாவது செருகியிருக்கிறானா என்று ஏறும்போதே பார்த்துவிட்டேன். இல்லை. கை போதுமே.

ஆஸ்பத்திரியில் ஐசியூ வாசலில் பையன் யாரும் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்த ஒரு டீக்கடைக்காரர் மட்டும் அன்றைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போக நின்றிருந்தார். வயசானவர். பஸ்ஸை விட்டு இறங்கி அவர் கடையில்தான் வழி கேட்டிருக்கிறாள். வெள்ளைப் பாண்டுக்கு, அதாவது வெண்புள்ளிக்கு, மருந்து கொடுக்கிற வைத்தியர் வீடு எது, ஒரு மாதத்தில் சரியாகுமா என்று கேட்டிருக்கிறாள். வழி சொல்லி முடித்ததும் ரோட்டைக் கடந்திருக்கிறாள். பைக் தட்டிவிட்டதில் கைப்பை பள்ளத்தில் போய்விட்டது.

"வேற யாரும் கூட இருந்தாகளா?" என்றான் செல்வம்.

"ஒற்றைக்காணு வந்தது. பாவம் குட்டி" என்றார் அவர்.

செல்வம் வராண்டா சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். நான் அவனைக் கண்காணிப்பதை அதோடு விட்டேன்.

எங்களை உள்ளே விட்டார்கள். கட்டிலில் கிடந்தவளுக்குத் தலையை மழித்துக் கட்டுப் போட்டிருந்தது. முகம் இரண்டு மடங்கு வீங்கி, கண் இருக்கும் இடமே தெரியவில்லை. ரவுண்டாவது ஓவலாவது. நான் இத்தனை காலம் எழுதின எந்த வார்த்தையும் அந்த முகத்துக்கு உதவாது. பேச்சியம்மாள் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராக இடது பக்கம் போய், போர்வையை விலக்கி, முழங்கைக்கு மேலே பார்த்தாள். கறுப்புத் தோலில் திட்டுத் திட்டாக வெள்ளை. அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். "இந்தா இருக்கு, இந்தா இருக்கு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிழைப்பாளா என்று டாக்டர்கள் சொல்ல ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் மைக்கில் கேரளா என்று கேட்டாலே நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விடுவேன். ஓடையில் கிடந்த பொண்ணை யார் வந்து அடையாளம் காட்டினார்கள், யாராவது வந்தார்களா என்று ஷாஜியிடம் கேட்க நினைத்து ஒரு தடவை போனைக்கூட எடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் அவளுக்கு ஒரு பேர் வந்துவிடும் என்று பயம்.

கண் விழித்துவிட்டாள் என்று தகவல் வந்ததும் வாக்குமூலம் எழுத நான்தான் போனேன். வீக்கம் வடிந்திருந்தது. அம்மாவின் முகம் அப்படியே. பேச்சியம்மாள் ஸ்பூனால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். யூனிபாரத்தில் என்னைப் பார்த்ததும் நாகஜோதி மிரண்டாள். உடம்பு வலியைக் கேட்கவில்லை, எத்தனை நாள் கிடந்தேன் என்று கேட்கவில்லை. போர்வையை இழுத்து இடது கையை மூடினாள். உதடு மட்டும் அசைய அம்மாவிடம் கேட்டாள்.

"அவுக வீட்டுக்குத் தெரிஞ்சு போச்சாம்மா?"

பேச்சியம்மாள் கஞ்சியை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு ஸ்டேட்டுக்கும் தெரியும்டி. இந்தக்காதான் மைக்குல சொன்னாக. அது தெரியப் போயித்தான் நீ கெடச்ச. வாயத் தெற."